டிடிஎஸ் குறைவு என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை

அண்ணா, “ஏற்காட்டு ஊற்றுத் தண்ணீர் டிடிஎஸ் 60தான் காட்டுது, அப்படியே குடிக்கலாம்; குளோரின் வாடை அடிக்கிற ஊர்க் குழாய்த் தண்ணீர்தான் கெடுதல்” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இதைக் குழந்தை இருக்கிற வீட்டில் யாரும் நம்பிவிடக் கூடாது.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது கரைந்திருக்கும் உப்பை. கிருமி அதில் தெரியாது. மலையில் பெய்த மழை பாறை வழியாக வருவதால் உப்பு குறைவு, அவ்வளவுதான். ஒரு டம்ளர் ஊற்றுத் தண்ணீரில் துளி சாக்கடை கலந்தாலும் மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். ஊற்றுக்கு மேலே மலையில் காப்பித் தோட்டம், மாட்டுக் கொட்டகை, கழிப்பறைக் குழி எல்லாம் இருக்கின்றன. ஐப்பசி மழையில் அதெல்லாம் எங்கே இறங்கும்?

இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 சொல்வது: 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கவே கூடாது. குளோரின் போட்ட தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் வேண்டும். அந்த லேசான வாடை தொட்டியிலிருந்து உங்கள் குழாய் வரை காவல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். பிடிக்கவில்லையா, குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், குறைந்துவிடும். அப்புறம், கடைசித் தெருக் குழாயில் வாடையே இல்லை என்றால்தான் டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள். குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும்.

ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஏற்காட்டின் உயரத்துக்கு அது போதும்.