மேளம் பாரம்பரியம் என்றால், மேளக்காரரின் வீடு எப்படி ஆக்கிரமிப்பு ஆகும்?

2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்ற பிறகு கேப் வெர்டே என்ற பெயர் நம்மவர்களிடையேயும் அடிபடத் தொடங்கியது. செனகலுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் உள்ள பத்துத் தீவுகள். மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து லட்சம். இவ்வளவு சின்ன நாட்டுக்கு இத்தனை ஆட்டக்காரர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர்களில் பலர் தீவுகளில் பிறந்தவர்களே அல்லர். ஐரோப்பாவின் துறைமுக நகரங்களிலும் புறநகர்களிலும் குடியேறிகளின் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள். வறட்சியும் பஞ்சமும் தலைமுறை தலைமுறையாக மக்களை வெளியே துரத்திய நாடு அது.

அப்படி வெளியேறியவர்கள் கட்டிக்கொண்ட ஓர் ஊரைப் பற்றியும், அங்கே அவர்கள் நடத்திவரும் ஒரு சங்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வெகுநாளாக மனத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனை ஒட்டியிருக்கும் அமடோராவில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது கோவ ட மோரா. சங்கத்தின் பெயர் மோயின்யோ ட ஜுவென்டூட். நான் லிஸ்பனில் வேலை பார்த்த காலத்தில் அந்த மேட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். "அங்கேயா? கவனமாகப் போ" என்று அலுவலகத்தில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அங்கே காலடி வைத்ததில்லை.

என் கோபம் எதன்மேல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2013இல் போர்ச்சுகல் அரசு, இந்த மேட்டில் ஆண்டுதோறும் நடக்கும் கோலா சான் ஜோன் விழாவைத் தன் நாட்டுப் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. கேப் வெர்டே மக்கள் கொண்டுவந்த ஒரு விழா, போர்ச்சுகலின் பாரம்பரியம் என்று அரசு ஏட்டில் பதிவாயிற்று. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த விழா நடக்கும் தெருக்களில் உள்ள வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முறையான பட்டா கிடையாது. ஆட்டத்தைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட நாடு, ஆடுகிறவர்களை மட்டும் அரை நூற்றாண்டாக அனுமதியின்றிக் குடியேறியவர்களாகவே வைத்திருக்கிறது.

இந்த மக்கள் அழையாமல் வந்தவர்கள் அல்லர். 1960களில் போர்ச்சுகல் ஆண்கள் பிழைப்புக்காகப் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். மீதி இளைஞர்களை அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் கினியாவிலும் நடந்த காலனிப் போர்களுக்கு அரசு அனுப்பியது. கட்டட வேலைக்கு ஆள் இல்லை. அப்போது தன் காலனியாக இருந்த கேப் வெர்டேயிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். 1974 ஏப்ரலில் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் கவிழ்ந்தது, 1975 ஜூலை 5 அன்று தீவுகள் விடுதலை பெற்றன, அதன் பின்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூலி கிடைத்தது; குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. ஆளில்லாமல் கிடந்த மேட்டு நிலத்தில் முதலில் பலகைக் குடிசைகள் எழுந்தன, பிறகு அவையே செங்கல் வீடுகளாயின. 1998 உலகக் கண்காட்சிக்காகவும் வாஸ்கோ ட காமா பாலத்துக்காகவும் பாடுபட்டவர்களில் ஏராளமானோர் கேப் வெர்டேக்காரர்கள். பகலில் தலைநகரைக் கட்டினார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் வீட்டைக் கட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் தீவிலிருந்து வந்த ஒரு வழக்கமே கை கொடுத்தது. ஜுன்டா மோன் என்பார்கள். இன்று என் வீட்டுக்குக் கூரை போட அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வருவார்கள். அடுத்த வாரம் உன் வீட்டுக்கு நான் வருவேன். கூலி கிடையாது, வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். பெரிய பானையில் சோளமும் பயறும் இறைச்சியும் மணிக்கணக்கில் வேகும் கச்சூப்பா. பண்பாட்டு மரபு என்றவுடன் நாம் மேடையையும் உடையலங்காரத்தையும் நினைக்கிறோம். அந்த மேட்டிலுள்ள ஒவ்வொரு கூரையும் ஓர் ஆப்பிரிக்க மரபு வேலை செய்ததால் எழுந்தது என்பதை நான் முதலில் நினைக்கிறேன்.

சங்கம் பிறந்த கதையும் இதே போக்கில்தான். 1980களில் அங்கே பெண்கள் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்துத் தலையில் சுமந்து மேடேறினார்கள். வீடுகளுக்குத் தண்ணீர் வேண்டும், கழிவுநீர்க் குழாய் வேண்டும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கியதும், பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் தொடங்கியதும்தான் மோயின்யோவின் தொடக்கம். அந்தப் பெண்களில் பலர் அலுவலகங்களைச் சுத்தம் செய்கிறவர்கள். ஊர் விழிக்கும் முன்பே வேலைக்குப் போக வேண்டும். ஆகவே குழந்தைப் பராமரிப்பு வந்தது. பிறகு மாலைப் பள்ளி, ஆவணங்களுக்கு உதவி, வேலைப் பயிற்சி. இவற்றோடு சேர்ந்துதான் ஆட்டமும் பாட்டும் வளர்ந்தன. தண்ணீருக்குப் போராடிய கைகளே மேளமும் அடித்தன.

பட்டூக்கு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேப் வெர்டேயின் தெற்கில் உள்ள சாந்தியாகு தீவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களிடமிருந்து வந்த கலை இது. காலனி அதிகாரிகளுக்கும் தேவாலயத்துக்கும் இது ஆபாசம், காட்டுமிராண்டித்தனம். பல காலம் ஒடுக்கினார்கள், தடையும் போட்டார்கள். பெண்கள் துணியைச் சுருட்டி இறுக்கமாகக் கட்டி, தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அதன்மேல் அடித்தார்கள். இன்றும் அப்படித்தான். அரைவட்டமாக உட்கார்ந்து, ஒரு பகுதியினர் ஒரு தாளமும் இன்னொரு பகுதியினர் அதன் இடைவெளிகளை நிரப்பும் வேறொரு தாளமுமாக அடிப்பார்கள். ஒருத்தி பாட மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். தாளம் ஏற ஏற, ஒருத்தி எழுந்து இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு நடுவில் ஆடுவாள். கணவன் விட்டுப்போனது, மகன் கடல் கடந்தது, மழை பொய்த்தது எல்லாம் பாட்டில் வரும். வெறும் துணியிலிருந்து அவ்வளவு சத்தம் எழும் என்று நேரில் கேட்கும்வரை நான் நம்பியிருக்க மாட்டேன்.

மோயின்யோவில் ஃபின்கா பே என்ற பட்டூக்குக் குழு இருக்கிறது. விடியலில் அலுவலகத் தரையைத் துடைக்கும் பெண்கள், மாலையில் அங்கே வந்து அமர்கிறார்கள். எந்த ஆட்சி தங்கள் பாட்டிமார்களின் மேளத்தை ஒடுக்கியதோ, அதன் பழைய தலைநகரின் வாசலில் உட்கார்ந்து அடிக்கிறார்கள். ஒரு பண்பாட்டுச் சங்கத்தை எடைபோட எனக்கு இதுவே அளவுகோல்: தன் மக்கள் எதற்காக வெட்கப்படக் கற்பிக்கப்பட்டார்களோ, அதற்கு அது முதல் வரிசையில் இடம் கொடுக்கிறதா? ஐரோப்பியச் செவிக்கு இதமான, கேப் வெர்டேயின் மோர்னா பாடல்களை மட்டும் அரங்கேற்றிப் பெயர் வாங்கியிருக்கலாம். 2019இல் யுனெஸ்கோவே மோர்னாவை அங்கீகரித்தது. எனக்கும் அது உயிர். ஆனால் பட்டூக்கை முன்னிறுத்தத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இவர்களிடம் இருந்தது.

கோலா சான் ஜோன் வடக்குத் தீவுகளைச் சேர்ந்தது. சாந்து அந்தாவ், சாவ் விசென்ட் தீவுகளில் ஜூன் 24, புனித ஜான் திருநாளில் நடப்பது. மேளம் முழங்க, விசில் ஊத, சின்னப் பாய்மரக் கப்பல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அலையில் போவதுபோல் ஆடிச் செல்வார். ஆடுகிறவர்கள் தாளம் தவறாமல் இணை இணையாக நெருங்கி இடுப்போடு இடுப்பு மோதி விலகுவார்கள். கத்தோலிக்கத் துறவியின் திருநாள்தான். உடம்பு ஆடுவது ஆப்பிரிக்க ஆட்டம். தீவுகளில் தெற்கத்தியார், வடக்கத்தியார் என்ற வேற்றுமை பலமாக உண்டு. மேட்டில் சாந்தியாகுக்காரர்களும் இந்த வடக்கத்தி விழாவில் ஆடுகிறார்கள். ஊரில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மோயின்யோ செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பாரம்பரியம் காக்கும் பெரியவர்கள் இளைஞர்களைத் திட்டித் தீர்ப்பது எங்கும் காணும் காட்சி. இங்கே ஓர் ஒலிப்பதிவுக்கூடமே கட்டிக்கொடுத்தார்கள். பள்ளியில் மட்டமாகப் பார்க்கப்பட்ட, கேப் வெர்டே மக்களின் தாய்மொழியான கிரியோலுவில் பையன்கள் ராப் பாடினார்கள். வேலை, போலீஸ், நிறம், ஆவணம் எல்லாம் அதில் வந்தன. பாட்டிகள் மழை பொய்த்ததைப் பாடினார்கள் என்றால் பேரன்கள் தங்கள் காலத்து வறட்சியைப் பாடுகிறார்கள். இதுவும் மரபின் தொடர்ச்சியே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆவணம் என்றேன். 1981இல் போர்ச்சுகல் தன் குடியுரிமைச் சட்டத்தை மாற்றியது. அந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற நிலை போய், பெற்றோர் எவ்வளவு காலம் எந்த ஆவணத்தோடு இருந்தார்கள் என்பதைப் பொறுத்ததாக மாறியது. அமடோராவில் பிறந்து, அமடோராவைத் தவிர வேறு ஊர் அறியாத பிள்ளைகள் வெளிநாட்டவர் ஆனார்கள். பின்னாளில் சட்டம் சற்றுத் தளர்ந்தது. ஆனால் ஒரு தலைமுறையின் இளமை அதற்குள் போய்விட்டது.

2015 பிப்ரவரியில், சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட மேட்டின் இளைஞர்கள் சிலர் காவல் நிலையத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். வழக்கு நடந்து, 2019இல் எட்டு போலீஸாருக்குத் தண்டனை கிடைத்தது. 2024 அக்டோபர் 21 விடியற்காலையில், கேப் வெர்டேயில் பிறந்த 43 வயது மனிதர் ஒருவர் கோவ ட மோராவில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். லிஸ்பன் புறநகரங்கள் பல இரவுகள் எரிந்தன. சுட்ட காவலர்மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவாயிற்று. இதெல்லாம் நடந்த ஊரும் தேசியப் பட்டியலில் உள்ள விழாவின் ஊரும் ஒன்றே.

"பண்பாட்டுச் சங்கம் பண்பாட்டோடு நிற்கட்டுமே, அரசியல் எதற்கு?" என்று நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். அரசியல் கலந்தால் நன்கொடை குறையும், பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சுவார்கள் என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த மேட்டில் அந்தப் பிரிவினை சாத்தியமே இல்லை. கோலா சான் ஜோன் தெருவில் நடக்கும் ஊர்வலம். தெரு வேண்டும், தெருவில் வீடுகள் வேண்டும், ஆடுகிறவர்கள் அங்கேயே குடியிருக்க வேண்டும். வீடுகளை இடித்து மக்களை நாலா பக்கமும் அடுக்குமாடிகளுக்குப் பிரித்து அனுப்பினால் எதைப் பாதுகாப்பது? லிஸ்பனைச் சுற்றி இடிக்கப்பட்ட குடியிருப்புகள் பல. கோவ ட மோரா இடிபடாமல் நிற்பதற்கு அங்குள்ள சங்கங்களின் விடாப்பிடியும் ஒரு காரணம். 2005இல் அரசே இதை முன்னுரிமைப் பகுதியாக அறிவித்துச் சீரமைப்புத் திட்டம் தீட்டியது. ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. வீட்டு உரிமைச் சிக்கல் தீராமலே திட்டம் கரைந்தது.

அந்த மக்கள் கேட்பது சலுகை இல்லை. நில உரிமையாளர்களோடு அரசு பேசித் தீர்த்து, தாங்களே கட்டிய வீட்டைத் தங்கள் பெயரில் எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். தேசியப் பட்டியலில் ஒரு விழாவைச் சேர்த்த அரசு, அது நடப்பதற்கான இடத்தைக் காப்பதையும் தன் கடமையாக ஏற்கத்தான் வேண்டும்.

ஜூன் மாதக் கடைசியில் லிஸ்பன் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ரோசியு நிலையத்தில் சிந்த்ரா ரயில் ஏறிச் சாந்தா குரூஸ் டமாயாவில் இறங்குங்கள். மேட்டுக்கு நடந்தே போய்விடலாம். சபுரா என்ற பெயரில் சங்கமே வெளியாரை அழைத்துப்போய்க் குடியிருப்பைச் சுற்றிக்காட்டுகிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் போங்கள், கச்சூப்பாவை அங்குள்ள கடையிலேயே காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், யார் வீட்டையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். விழா முடிந்த பிறகு சங்கத்துக்காரர்களிடம், பட்டா விஷயம் எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள்.