சமாரியா ஸ்திரீயின் மேல் நாம் சுமத்திய பழி

கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியா ஸ்திரீயைப் பற்றிய அந்தப் பிரசங்கக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் குழுவிலும் அதுதான் ஓடுகிறது. "ஐந்து பேரோடு வாழ்ந்த நடத்தை கெட்டவள்" என்று போதகர் சொன்னதும் சபையே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதே சபையில் கணவன் கைவிட்ட பெண்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்களா? இரண்டாவது கல்யாணம் செய்துகொண்ட விதவை ஒருத்திகூடவா இருந்திருக்க மாட்டாள்?

அவள் கதை இருக்கிற யோவான் 4ஆம் அதிகாரத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து 42ஆம் வசனம் வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பாவம் என்ற சொல் அதில் இல்லை. விபச்சாரம் இல்லை. மனந்திரும்பு இல்லை, மன்னித்தேன் என்பதும் இல்லை. இயேசு அவளிடம் கேட்டது தண்ணீர். அவள் பெற்றுக்கொண்டது "உன்னுடனே பேசுகிற நானே அவர்" என்ற பதில். யோவான் சுவிசேஷத்தில் தாம் மேசியா, அதாவது வருவார் என்று ஜனங்கள் காத்திருந்த மீட்பர் என்று அவர் தம் வாயாலேயே முதன்முதலில் வெளிப்படையாகச் சொன்னது இவளிடம்தான்.

கண்டிக்க வேண்டிய இடத்தில் இயேசு கண்டிக்காமல் விட்டவர் இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே, 38 வருஷம் வியாதியாய்க் கிடந்த மனுஷனிடம் "இனி பாவஞ்செய்யாதே" என்கிறார் (5:14). எட்டாம் அதிகாரத்தில், விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமும் அதைச் சொல்கிறார். இவளிடம் சொல்லவில்லை. ஆனால் 5ஆம் அதிகாரத்து மனுஷனின் ஒழுக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் செய்த யாரையும் நான் பார்த்ததில்லை. அவன் ஆண் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"ஐந்து புருஷர் இருந்தார்களே?" இருந்தார்கள், இயேசுவே அவளிடம் அதைச் சொல்கிறார் (4:18). அது எப்படி நடந்திருக்கும் என்று நியாயப்பிரமாணத்தை வைத்து யோசியுங்கள். உபாகமம் 24:1இல் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதிக் கொடுப்பவன் புருஷன், வாங்கிக்கொண்டு வெளியேறுகிறவள் மனைவி. யூதரோடு ஒட்டாதிருந்த சமாரியர் வைத்திருந்ததும் மோசேயின் ஐந்து ஆகமங்களைத்தான். ஆகவே ஒரு கல்யாணம் முடிந்துபோயிற்று என்றால் ஒன்று அவன் செத்திருப்பான், இல்லை அவளைத் தள்ளியிருப்பான். பிள்ளையில்லாமல் புருஷன் செத்தால் அவன் சகோதரன் அவளைக் கட்ட வேண்டும் என்பது உபாகமம் 25:5. இதை வைத்துத்தான் சதுசேயர் என்ற யூதப் பிரிவினர், ஏழு சகோதரர் ஒருவர்பின் ஒருவராக ஒரே பெண்ணைக் கட்டிச் செத்த கதையைக் கொண்டுவந்து இயேசுவை மடக்கப் பார்த்தார்கள். அந்தக் கதையில் வரும் பெண்ணை யாராவது கெட்டவள் என்றார்களா? கத்தோலிக்க வேதாகமத்தில் தோபித்து 3ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சாராள் என்ற பெண்ணுக்கு ஏழு கணவர்களும் செத்துப்போகிறார்கள். பணிப்பெண் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறாள். சாராள் மாடிக்குப் போய்த் தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று நினைக்கும் அளவுக்கு நொறுங்கிப்போகிறாள். வேதம் அங்கே சாராளின் ஜெபத்தைக் கேட்கும் தேவனைக் காட்டுகிறது. நாமோ பணிப்பெண்ணின் வேலையைப் பிரசங்க பீடத்தில் நின்று செய்கிறோம்.

நடத்தை கெட்டவள் என்று பேரெடுத்தவளை அந்தக் காலத்து ஆண் முறைப்படி கட்டியிருப்பானா? அதுவும் ஐந்து பேர் அடுத்தடுத்து?

"இப்போது இருக்கிறவன் புருஷன் இல்லை என்று இயேசுவே சொன்னாரே" என்பீர்கள். இது கனமான கேள்விதான், ஒதுக்கித் தள்ள மாட்டேன். அந்த உறவு தவறானதாகவே இருந்திருக்கலாம். போக்கிடம் இல்லாமல் ஒருவன் வீட்டில் ஒண்டியிருந்திருக்கலாம். கட்ட வேண்டியவன் கட்டாமல் விட்டிருக்கலாம். ஆதியாகமம் 38இல் யூதா தன் விதவை மருமகள் தாமாரை, இளைய மகனுக்குக் கட்டிவைக்காமல், அப்படித்தான் அலைக்கழித்தான், கடைசியில் "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று ஒப்புக்கொண்டான். காரணத்தை யோவான் எழுதவில்லை. அவர் எழுதாததை நீங்கள் ஏன் மைக் பிடித்து எழுதுகிறீர்கள்? "உள்ளபடி சொன்னாய்" என்று இயேசு அவளுடைய உண்மையை மெச்சுகிறார். அந்த வரி மட்டும் பிரசங்கத்தில் வருவதே இல்லை.

"நடுப்பகலில் தனியாக வந்தாளே, வெட்கத்தால்தானே" என்பது அடுத்தது. ஆறாம்மணி வேளை, அதாவது நம் கணக்கில் நடுப்பகல், என்றுதான் வசனம் சொல்கிறது. வெட்கம் என்பது நாம் சேர்த்தது. ஆதியாகமம் 29இல் ராகேல் கிணற்றுக்கு வந்ததும் நல்ல பகலில்தான். அவளை யாரும் சந்தேகிக்கவில்லை. முந்தின அதிகாரத்தில் யூதரின் அதிகாரி நிக்கொதேமு இயேசுவிடம் ராத்திரியில் வந்தான், அவனுக்குத் தேடல் உள்ளவன் என்று பேர். சரி, ஊரே ஒதுக்கிவைத்தவள் என்றால், குடத்தை வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் கூப்பிட்டதும் ஊர் ஏன் கிளம்பி வந்தது? அவள் சொன்ன சாட்சியை நம்பி அநேகர் விசுவாசித்தார்கள் என்கிறது 39ஆம் வசனம். மதிப்பில்லாதவள் பேச்சுக்கு ஓர் ஊர் எழுந்து வராது.

அப்புறம், அவள் ஆராதனை பற்றிக் கேட்டது பேச்சை மாற்றத்தானாம். அந்தக் கிணறு கெரிசீம் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது, இன்றைய நாப்லூஸ் பக்கம். அந்த மலைமேல் இருந்த சமாரியரின் ஆலயத்தை கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூத ஆட்சியாளன் யோவான் இர்க்கான் இடித்தான். அந்த வடு ஆறாத ஊரில் பிறந்தவள், எதிரே உட்கார்ந்திருக்கும் யூதனிடம் எங்கே தொழுவது என்று கேட்கிறாள். அவள் ஜனத்தின் காயமே அதுதான். இயேசு அதைத் தட்டிக்கழிக்காமல், ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளுவதைப் பற்றிய போதனையையே பதிலாகத் தருகிறார். ஒரு பெண் இறையியல் கேள்வி கேட்டால் அதை ஏய்ப்பு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. நம் வேதபாட வகுப்புகளில் இருக்கிறது.

நான் பெண்ணியம் பேசுகிறேன் என்று குறை சொல்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை நூற்றாண்டுகளாக அவளைப் போத்தினி என்று பெயரிட்டு, அப்போஸ்தலருக்கு இணையானவள் என்று போற்றுகிறது. அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

"அவள் பாவி இல்லை என்றால் கிருபை எங்கே?" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். கிருபையைக் காட்ட ஒரு பெண்ணின் மானம் கெட்டே ஆக வேண்டுமா, பிரதர்? மொண்டுகொள்ளப் பாத்திரம்கூட இல்லாமல், களைத்துப்போய், எதிரி இனத்துப் பெண்ணிடம் கை நீட்டித் தண்ணீர் கேட்கிறாரே ஆண்டவர், அதில் கிருபை தெரியவில்லையா?

மறுமணம் செய்த பெண்ணுக்கு ஜெபக்குழுவை நடத்தத் தகுதி இல்லை என்கிறார்கள். புருஷன் விட்டுப்போனவள் சாட்சி சொல்ல எழுந்தால் பின்வரிசையில் கிசுகிசுக்கிறார்கள். விட்டுப்போனவன் வேறு சபையில் கமிட்டியில் இருப்பான். இதெல்லாம் இந்தப் பிரசங்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்த பழக்கம்.

அடுத்து இந்தப் பகுதியைப் பேசப்போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். குறிப்பு எழுதியதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வசன எண் போடுங்கள். எண் போட முடியாத வரியை அடித்துவிடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, பிள்ளைகளிடம் "கெட்ட பெண்ணை இயேசு நல்லவளாக்கினார்" என்று சொல்லாமல், "ஊருக்கே இயேசுவை அறிவித்தவள்" என்று சொல்லிக் கொடுங்கள். அது 39ஆம் வசனத்தில் இருக்கிறது. அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.