கத்திரி வெயிலில் ஓவர்கிளாக் செய்யும் தம்பிகளுக்கு

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அந்த வீடியோக்களில் பல பேர் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்: அறை எவ்வளவு சூடு? ஏசி அறையில் 22 டிகிரி இருக்கும்போது 70 டிகிரியில் நிற்கும் பிராசஸர், சித்திரை மதியம் 38 டிகிரி அடிக்கிற நம் மாடி அறையில் 86-ஐத் தொடும். ஃபேன் கூலரோ தண்ணீர்க் கூலரோ, சுற்றியுள்ள காற்றுக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கணக்கு. அதனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இருப்பவர்கள் வேகத்தை ஏற்றுவதற்கு முன்னால் சூட்டை இறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

பிராசஸர் கக்கும் சூடு வேகத்தோடு மட்டும் கூடுவதில்லை, வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து கூடுகிறது. 1.2 வோல்ட்டில் 4 கிகாஹெர்ட்ஸ் ஓடுவதை 1.32 வோல்ட் கொடுத்து 4.4-க்கு ஏற்றினால் வேகம் 10 சதவீதம்தான் கூடும். சூடு 33 சதவீதம் கூடிவிடும். கத்திரி வெயிலில் அந்த 33 சதவீதத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

முன்பு நிலைமை வேறு. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசஸர், பஸ் வேகத்தை (போர்டோடு பேசும் வேகத்தை) 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்குப் போகும். 2007-ல் வந்த கோர் 2 குவாட் கியூ6600-ஐ 2.4-லிருந்து 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவது பலருக்கும் கைவந்த வேலை. இன்றைய பிராசஸர்கள் பூஸ்ட் என்ற பெயரில் தாங்களே எல்லை வரை ஓடுகின்றன. குளிர்ச்சி கிடைத்தால் அந்த வேகத்தில் நிற்கும், சூடேறினால் தானாகவே இறங்கும். நம்மில் பலர் 'ஸ்லோ ஆயிருச்சு' என்று சொல்வது இந்த இறக்கத்தைத்தான்.

இந்த ஊர்த் தூசியையும் சொல்ல வேண்டும். அறுவடை மிஷின் வயலில் இறங்கும் மாதங்களில் நெல் சுணை ஜன்னல் வழியாக வந்து ஹீட்சிங்க் (பிராசஸர் மேல் உட்காரும், சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்துவிடும். மழைக்காலத்தில் விளக்குப் பூச்சிகள் ஃபேனில் அடிபட்டு அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஃபேனைக் கழற்றி, பிரஷ் போட்டுத் துடைத்து, பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பூசுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

அப்புறம், கைவேலைக் கூலிங். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மன்னார்குடி பக்கம் ஒரு தம்பி மீன்தொட்டி மோட்டாரை வாளியில் போட்டு, பட்டறையில் கிடந்த பழைய கார் ரேடியேட்டர் வழியாகத் தண்ணீரைச் சுற்றவிட்டு, எதிரில் டேபிள் ஃபேனை வைத்திருந்தான். பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் செம்பு வாட்டர் பிளாக் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது. "அண்ணே, ரெண்டு பைப்பையும் தொட்டுப் பாருங்க" என்றான். பிளாக்கிலிருந்து வரும் பைப்புக்கும் திரும்பிப் போகும் பைப்புக்கும் விரலில் வித்தியாசமே தெரியவில்லை. தண்ணீர் வேகமாகச் சுற்றினால் அப்படித்தான் இருக்கும், நல்ல அறிகுறி.

ஆனால் அதே அமைப்பில் இரண்டு விஷயங்களை மாற்றச் சொன்னேன். முதலில் தண்ணீர். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் பிளாக்கின் மெல்லிய கோடுகளில் உப்பும் சுண்ணாம்பும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. ரேடியேட்டர் அலுமினியமாக இருந்து பிளாக் செம்பாக இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். அதற்குக் கார் கூலண்ட் கலக்க வேண்டும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, அவன் கம்ப்யூட்டரை யுபிஎஸ்ஸிலும் மோட்டாரை நேராகச் சுவர் பிளக்கிலும் சொருகியிருந்தான். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், பிராசஸர் ஓடிக்கொண்டே இருக்கும்! இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில்தான் இருக்க வேண்டும்.

ஐஸ் மட்டும் வேண்டாம். வாளியில் ஐஸ் கட்டி போட்டு குறைந்த டிகிரியைக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. நம் காற்றில் ஈரம் அதிகம். 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கத் தொடங்கும். ஐஸ் தண்ணீர் ஓடும் பிளாக்கும் பைப்பும் வியர்த்து, சொட்டு பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி இறங்கும். மதர்போர்டு போய்விட்டால் அந்த வீட்டில் அடுத்த போர்டு வாங்க எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரை அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும், அதற்குக் கீழே போகத் தேவையில்லை.

சரி, இவ்வளவும் செய்தால் கேமில் என்ன கிடைக்கும்? அது உங்கள் கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தது. கேமின் ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவை) 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) நன்றாக ஏறினால் கார்டுதான் தடை, பிராசஸரை என்ன செய்தாலும் பெரிதாக மாறாது. ஏறவே இல்லை என்றால் தடை பிராசஸர். வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்களில் இது சகஜம், அங்கே ஓவர்கிளாக்குக்கு அர்த்தம் உண்டு. அப்போதும் சராசரி ஃப்ரேமை மட்டும் பார்க்காதீர்கள். சண்டை நடுவில் திடீரென்று விழும் குறைந்தபட்ச ஃப்ரேம்தான் கையில் தெரியும், அதைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. ஒற்றை ரேம் போட்டிருப்பவர்கள் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டு, பிறகு வோல்டேஜ் பக்கம் போங்கள்.

ரிசல்ட் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃப்ரேம் எண்ணோடு அறை வெப்பத்தையும் எழுதுங்கள். ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, அரை மணி நேரம் விளையாடிய பிறகு எடுத்த எண்ணைப் போடுங்கள். கும்பகோணத்தில் இருக்கிற ஒரு பையன் அதைப் பார்த்துத்தான் காசு போடப் போகிறான்.