பதிலுரைப் பாடலை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள்

போன மாதம் எங்கள் பங்கின், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் மக்களின், வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி நீளமாக ஒரு செய்தி போட்டார். ஞாயிறு திருப்பலியில் (பூசையில்) அவர் கண்ட தவறுகள், எண் போட்டு, மொத்தம் 23. அரை மணி நேரத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "பங்குச் சாமியாரை அவமானப்படுத்திட்டான்" என்று ஒரு பக்கம், "இப்பவாவது ஒருத்தன் வாயைத் திறந்தானே" என்று இன்னொரு பக்கம். ராத்திரி பத்து மணிக்கு அட்மின் குழுவையே பூட்டிவிட்டார்.

அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். வாசகர் "முதல் வாசகம்" என்ற தலைப்பையும் சேர்த்து வாசிக்கிறார் என்பது ஏழாவது குறை. வாசக நூலை எடுத்துப் பார்த்தேன். தம்பி சொன்னது சரிதான். அது நம் வழிகாட்டலுக்காகச் சிவப்பு எழுத்தில் அச்சிட்டது, வாய்விட்டு வாசிப்பதற்கு இல்லை. இன்ன நூலிலிருந்து வாசகம் என்றுதான் தொடங்க வேண்டும். இருபது வருடமாக வாசிக்கிறேன், யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த ஞாயிறே மாற்றிக்கொண்டேன். ஆகவே அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. எங்கள் கோயிலில் உண்மையிலேயே காணாமல் போன ஒன்று அந்த 23-இல் இல்லவே இல்லை. காணாமல் போய் அவ்வளவு காலம் ஆகிவிட்டது. அந்தத் தம்பி பிறப்பதற்கு முன்பே போய்விட்டது.

பதிலுரைப் பாடலைச் சொல்கிறேன்.

முதல் வாசகம் முடிந்ததும் ஒரு திருப்பாடல், அதாவது வேதத்தில் இருக்கிற சங்கீதம். அந்த வாசகத்துக்குப் பொருந்துகிற மாதிரி தேர்ந்தெடுத்துத் திருச்சபை கொடுத்திருப்பது. ஒருவர் வாசக மேடையில் நின்று அடிகளைப் பாட, ஒவ்வொரு அடிக்கும் மக்கள் ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டும். கடவுள் பேசினார், இப்போது நாங்கள் பேசுகிறோம் என்று அர்த்தம். எங்கள் கோயிலில் அந்த இடத்தில் பாடகர் குழு கீபோர்டோடு ஒரு தியானப் பாட்டு பாடும். நல்ல பாட்டுதான். நானும் அந்தக் குழுவில் நின்று பாடியவள்தான். ஆனால் அன்றைய வாசகத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இருக்காது. மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் சொல்ல வேண்டிய பதிலை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வழிபாட்டில் ஒரு பங்கு உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: மக்களுக்கு உரியது மக்கள் கைக்கு வந்து சேர்கிறதா? சட்டம், விதிமுறை என்றதும் சாமியாரைக் கட்டிப்போடுகிற கயிறு என்று நினைக்கிறோம். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், குருவாகவே இருந்தாலும் யாரும் தன் விருப்பப்படி வழிபாட்டில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். மக்களின் முழுமையான, உணர்வுபூர்வமான, செயல்முறைப் பங்கேற்பு வேண்டும் என்று சொன்னதும் அதே ஏடுதான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸும் 2022-இல் எழுதிய திருவழிபாட்டுக் கடிதத்தில், விதிகளைக் கவனமாகக் கடைப்பிடித்தால் மக்கள் கூட்டத்துக்கு உரியதைப் பறிக்காமலாவது இருப்போம் என்கிறார், அது மட்டும் போதாது என்றும் சேர்த்தே சொல்கிறார். பறிப்பது என்ற அந்தச் சொல் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது தம்பியின் முதல் குறைக்கு வருகிறேன். திருப்பலித் தொடக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றுகிறார்களாம், அது கிறிஸ்தவம் இல்லையாம். யாரோ யூடியூபில் பேசியதைக் கேட்டு எழுதியிருக்கிறார். தம்பி, 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை அனுமதி கொடுத்த 12 தழுவல்கள், நம் நாட்டு வழக்கங்களை வழிபாட்டில் சேர்த்துக்கொள்கிற மாற்றங்கள், இருக்கின்றன. கை கூப்பி வணங்குவது, பஞ்சாங்கப் பிரணாமம், ஆரத்தி, மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு எல்லாம் அதில் வருகின்றன. சமாதானம் பகிரும்போது நாம் கை குலுக்காமல் கும்பிடுகிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். உங்கள் பாட்டி அந்த விளக்குக்குத் திரி திரித்துக் கொடுத்தவர். அதைத் தவறு என்று எழுதுவதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

ஆனால் பதினான்காவது குறையில் அவர் பக்கம்தான் நான். அப்பத்தையும் இரசத்தையும் வைத்துக் குரு சொல்கிற பெரிய செபம்தான் நற்கருணை மன்றாட்டு. அதன் முடிவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று சொல்வது குருவின் பகுதி. எங்கள் கோயிலில் எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். சேர்ந்து சொல்வதுதானே பங்கேற்பு என்று பலரும் கேட்டார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது. குருவின் வரிகளையும் நாமே சொல்லி முடித்துவிடுவதால், நமக்கென்றே வைத்திருக்கிற ஆமென் சப்பென்று போகிறது. நற்கருணை மன்றாட்டு முழுவதற்கும் சபை வைக்கிற கையெழுத்து அது. மூச்சு வாங்கிக்கொண்டு, முணுமுணுப்பாக, பாதிப் பேர் சொல்லியும் சொல்லாமலும் அது வருகிறது. எங்கள் கிளைக்கிராமத்தில் காது கேட்காத பெரியம்மா ஒருவர் இருக்கிறார். கிண்ணம் உயர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, சரியான இடத்தில் சத்தமாக ஆமென் சொல்வார். அவர் ஒருவர்தான் எங்கள் பங்கில் அதைச் சரியாகச் செய்கிறார்.

சரி, எங்கள் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் அடுத்துச் சொல்லப்போவது புரியாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. சித்தூர் தாலுகா முன்பு கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, 1956-இல் கேரளா ஆனது. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) வந்தது, கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து. தமிழும் மலையாளமும் ஒரே மறைமாவட்டத்துக்குள் இருக்கிற இடம். எங்கள் பங்கிலும் அப்படித்தான்.

இரண்டு பூசை வைக்கிற ஞாயிறுகளில் பிரச்சினை இல்லை. ஒரே பூசை என்றால் முதல் வாசகம் தமிழ், இரண்டாம் வாசகம் மலையாளம், பாட்டு பாதிப் பாதி, மறையுரை அன்று வருகிற சாமிக்கு எது வருமோ அது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு விதியும் மீறவில்லை. தம்பியின் பட்டியலிலும் இது இல்லை. ஆனால் தென்னந்தோப்பில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, தமிழ் மட்டுமே படித்த ஒரு அம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறார். நற்செய்தி மலையாளத்தில் போகிறது. மலையாளம் அவருக்குப் பேசினால் புரியும், கடையில் சமாளிப்பார். வேதத்தின் மலையாளம் வேறு. அவருக்கு அன்று நற்செய்தி கிடைக்கவில்லை. மறுபுறம் தமிழ் நற்செய்தி வருகிற வாரம் மலையாளக் குடும்பங்களுக்கும் அதே கதை. சங்கம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்ததே கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான். இரண்டு மொழியிலும் வாசகங்களை அச்சிட்டு ஒரு தாளாகக் கொடுக்கலாம், செலவு பெரிதாக ஆகாது. பங்குப்பேரவையில் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். திருவிழா ஒலிபெருக்கிக்கு எவ்வளவு செலவழித்தோம் என்றும் எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு பாஸ்கா திருவிழிப்பை, ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டை, என்னால் மறக்க முடியவில்லை. அந்த இரவுக்கு ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள் உண்டு. மேய்ப்புப்பணிக் காரணத்துக்காகக் குறைக்கலாம். ஆனால் எவ்வளவு குறைத்தாலும் விடுதலைப் பயணம் 14-ஆம் அதிகாரத்தை, இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த கதையை, விடவே கூடாது. அன்று எங்களுக்குப் படைப்பின் கதை வந்தது, இன்னொன்று வந்தது, அவ்வளவுதான். செங்கடல் இல்லை. சாமிக்கு அன்றிரவே இன்னும் இரண்டு கிளைக்கிராமங்களுக்குப் போக வேண்டியிருந்தது. வண்டியும் ஆளும் இல்லாமல் அவர் ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும், அதனால் அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் "ஆனந்தக் கீதங்கள்" என்று குழு பாடிய இருபது நிமிடமும், உயிர்த்த ஆண்டவர் சுரூபத்துக்குப் போட்ட வாணவேடிக்கையும் குறையவில்லை. குறைக்கலாம் என்று கை வைத்தது வேதத்தில்தான். என் அப்பா பஞ்சத்தில் வாளையாற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவர். வருடத்துக்கு ஒரு இரவு அந்தக் கடல் பிளப்பதைக் கேட்பதற்காகவே காத்திருப்பார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, "என்னம்மா, இந்தத் தடவை யாரும் கடலைத் தாண்டலையா" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, பொன்னாடை. திருவிழாத் திருப்பலியில், நற்கருணை வாங்கிய ஈரம் நாக்கில் காய்வதற்குள், கொடைக்காரர்களைப் பீடத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். பெயர் வாசிக்கிறோம், கை தட்டுகிறோம். வழிபாட்டில் தனி ஆள்களுக்கோ வகுப்புகளுக்கோ சிறப்பு மரியாதை கூடாது என்று அதே 1963 ஏடு சொல்கிறது. வழிபாட்டுப் பணியால் வருகிற இடமும், சட்டப்படி அரசு அதிகாரிகளுக்குத் தருகிற மரியாதையும் மட்டும்தான் விலக்கு. இது ஏதோ சின்ன மரியாதை விஷயம் என்று விட்டுவிட முடியாது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து ஒரு சுவரே நின்றது. 1910-இல்தான் அதை இடித்தார்கள். உள்ளே அத்தனை வருடமும் இலத்தீன் மந்திரம் ஒரு எழுத்து பிசகாமல் நடந்திருக்கும். அந்தக் கோயிலுக்குத் தம்பியின் பட்டியல் மாதிரி ஒரு மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் போயிருந்தால் எத்தனை மதிப்பெண் போட்டிருப்போம்? முன்வரிசை யாருக்கு, பின்வரிசை யாருக்கு என்பதை எங்கள் கோயிலிலும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். திருப்பலி நூலை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கண்ணால் இதைப் பார்க்காதவர் வழிபாட்டை மதிப்பிடவே வேண்டாம்.

மௌனத்தைப் பற்றி ஒரு வரி. "மன்றாடுவோமாக" என்று சொன்னதும் ஒரு மூச்சு நேரமாவது நிறுத்துங்கள், சாமி. நாங்கள் மன்றாடத்தான் அந்த இடைவெளி.

எங்கள் ஊரில் சீரோ மலபார் கோயிலும் இருக்கிறது. அவர்களும் கத்தோலிக்கர்தான், வழிபாட்டு மரபு மட்டும் வேறு. என் வகுப்பில் தவக்காலத் தொடக்கத்தில் சில பிள்ளைகள் திங்கட்கிழமை நெற்றியில் சாம்பலோடு வருவார்கள், சிலர் புதன்கிழமை. சீரோ மலபார் பிள்ளைகளுக்கு அது விபூதித் திங்கள், நமக்குச் சாம்பல் புதன். பெரிய வியாழன் அன்று அந்த வீடுகளிலிருந்து பெசஹா அப்பம் எங்கள் வீட்டுக்கு வரும். 2021-இல் அவர்களுடைய ஆயர் மன்றம், குர்பானாவின் (அவர்களுடைய திருப்பலியின்) எந்தப் பகுதியில் குரு மக்களைப் பார்க்க வேண்டும், எந்தப் பகுதியில் பீடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே முறையை எல்லோருக்கும் வைத்தது. எர்ணாகுளம் பக்கம் பலர் ஏற்க மறுத்து, அது எவ்வளவு பெரிய காயமானது என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுச் சேச்சி என்னிடம் வந்து அழுதார். யார் சரி என்று சொல்ல நான் ஆள் இல்லை, அது என் திருச்சபை மரபும் இல்லை. சேச்சி அழுததை மட்டும் பார்த்தேன். அதனால்தான் எங்கள் குழுவில் அன்று ராத்திரி சண்டை மூண்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

தம்பி, குறை சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2004-இல் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தலே, வழிபாட்டு முறைகேடு பற்றி முறையிட எந்தக் கத்தோலிக்கருக்கும் உரிமை உண்டு என்கிறது. முதலில் மறைமாவட்ட ஆயரிடம் போவது நல்லது என்றும், உண்மையோடும் அன்போடும் அதைச் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதற்கும் முன்னால் நம் சாமியின் அறைக் கதவு இருக்கிறது. நான் போன செவ்வாய்க்கிழமை அந்தக் கதவைத் தட்டினேன். பதிலுரைப் பாடலைப் பற்றித்தான் பேசினேன். "டீச்சர், பாட ஆள் இருந்தால் நாளைக்கே வைக்கலாம், எனக்கென்ன" என்றார். அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை வருடம் கேட்காமல் இருந்தது நான்.

ஆகவே சாம்பல் புதனிலிருந்து ஆரம்பிக்கிறோம். அன்றைக்கு 51-ஆம் திருப்பாடல். மெட்டு எளிமையானது, கீபோர்டு இருக்கிறவர் வாத்தியத்தைப் பாட்டுக்குத் துணையாக மட்டும் வாசிக்கச் சம்மதித்துவிட்டார், தவக்காலம் என்பதால் அதுவே முறை. அடிகள் தமிழில், பதிலுரை ஒரு தடவை தமிழ், ஒரு தடவை மலையாளம். சேச்சியின் மகள் மலையாள உச்சரிப்பு சொல்லிக் கொடுக்க வருகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் திண்ணையில் பழகுகிறோம். தோப்பு வேலை முடிந்து நேராக வரலாம், டீ இருக்கும். தம்பி, உங்களுக்கு நல்ல குரல் என்று உங்கள் அம்மா சொன்னார். வாருங்கள்.