அம்மா போகாத மலை

இலங்கை மலையகத்தில், எங்கள் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களில் ‘மலைக்குப் போகிறேன்’ என்றால் கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று பொருள். அம்மா 38 ஆண்டுகள் அப்படித்தான் மலைக்குப் போனார். பனி விலகும் காலைகளில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு எதிரே சிவனொளிபாத மலை தெரியும். நின்ற இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொள்வார். அந்த மலையில் அவர் கால் வைத்தது இந்தப் பெப்ரவரியில்தான், 61 வயதில்.

நான் அதற்குள் நான்கு முறை நண்பர்களோடு போய் வந்துவிட்டேன். ஒருமுறைகூட அம்மாவைக் கூப்பிடத் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்மாவோடு கொழுந்து பறித்தவர்களில் ஏறாதவர்களே அதிகம். ஆண்கள் போனார்கள், பெண்கள் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். ஒருநாள் பேர் (வேலைநாள் கணக்கு) போனால் சம்பளத்தில் விழும், வீட்டில் கைப்பிள்ளை, போயா (பௌர்ணமி) லீவென்றால் விறகும் துணியும். சபரிமலைக்கு மாலை போட்டு விமானம் ஏறுகிறோம். அந்தப் பக்தியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் நின்றால் தெரிகிற மலைக்குப் பெற்றவளை அழைத்துப் போகாதது பெரிய குறை.

‘முழங்கால் தாங்காது’ என்பார்கள். நள்ளிரவில் புறப்பட்டுச் சூரிய உதயத்துக்குள் உச்சியைத் தொட ஓடினால் யாருக்கும் தாங்காது. பருவம் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் (வைகாசிப் பௌர்ணமி) வரை நீள்கிறது. போயாவையும் வார இறுதியையும் விட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு வியாழன் மாலை ஆறு மணிக்கே அடிவாரத்து நல்லதண்ணியில் ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கு மேல் படிகள், உச்சி 2,243 மீற்றர். கடைக்குக் கடை உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏறியதாக எழுதியிருக்கிறார். நமக்குப் படியும் கைப்பிடியும் மின்விளக்கும் இருக்கின்றன. செங்குத்தான இடத்தில் முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெண் ‘கருணாவய்’ என்று யாத்திரிகர் வாழ்த்துச் சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உச்சியில் இருக்கும் பாதச்சுவடு சிவன் பாதமா, புத்தர் பாதமா, பாவா ஆதம் (ஆதாம்) பாதமா என்று கீழே இருந்துதான் சண்டை போடுகிறோம்.

வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் முதல்முறை ஏறுகிறவர்கள் நூல் இழுத்துக் கட்ட வேண்டும். அம்மா வெள்ளை நூலின் நுனியை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்தார், கொழுந்தைக் கிள்ளும் அதே பிடி. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த அந்த விரல் வெடிப்பில் நூல் சிக்கிக்கொண்டது. அறுந்துவிடாமல் மெல்ல விடுவித்து, சிட்டம் சிட்டமாகக் கிடந்த பழைய நூல்களோடு சேர்த்துக் கட்டினார்.

உங்கள் அம்மா, அப்பாயி, பெரியம்மா யாராவது இன்னும் ஏறாமல் இருந்தால் இந்தப் பருவத்திலேயே அழைத்துப் போங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் வலிக்கும். ஆகவே மறுநாளும் லீவு போடுங்கள்.

உச்சியில் எத்தனையாவது முறையோ அத்தனை தடவை மணி அடிப்பது வழக்கம். அம்மா ஒரேயொரு தடவை அடித்தார். விடிந்ததும் எல்லோரும் உதயத்தைப் பார்க்க, அவர் கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் பார்த்து, பழைய மஸ்கெலியாக் கோயில் அந்தத் தண்ணீருக்குள்தானே என்றார். பிறகு கரையோரம் பச்சையாகத் தெரிந்த ஒரு சரிவைக் காட்டினார்.

“அதோ, நம்முடைய ஏழாம் நம்பர் மலை. இன்றைக்கு அங்கே யார் பறிக்கிறார்களோ.”