நமக்கும் பென்ஷன் இருக்கிறது

அரசு ஊழியர்கள் பழைய ஓய்வூதியம் கேட்டுத் தெருவுக்கு வரும்போதெல்லாம் தனியார் ஊழியர்களிடம் ஒரே பல்லவிதான்: "எங்களுக்கு யார் பென்ஷன் தருகிறார்கள்?" தனியார் வேலையில் இருக்கும் நானே சொல்கிறேன், பி.எஃப். பிடிக்கப்படும் நம்மில் பலருக்கும் பென்ஷன் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கத்தான் வாய் வருவதில்லை.

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கடைசிப் பத்தியில் மாதம் 1,250 ரூபாய் வரை ஓடிக்கொண்டிருக்கும். நிறுவனம் கட்டும் பங்கிலிருந்து 8.33 சதவீதம், அதிகபட்சம் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும் கணக்கிட்டு, 1995-இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அந்த வரம்புக்குட்பட்ட சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 58 வயதில் வரும் பென்ஷன் தெரிந்துவிடும். முப்பத்தைந்து ஆண்டு உழைத்தாலும் 7,500 ரூபாய்க்கு அக்கம்பக்கம்தான். பஞ்சப்படி கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் அது அசையவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், நூற்பாலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற ஆண்டு வங்கியில் ஏறிய ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்தான் இன்றும் ஏறுகிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்றுக்குக் கைரேகை வைக்கப் போனால், நூலில் தேய்ந்த விரலை மெஷின் ஏற்க மறுக்கிறது. "நான் இருக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறது தம்பி" என்று சிரிக்கிறார். அவருடைய மாத்திரைச் செலவு அந்தப் பென்ஷனைத் தாண்டிவிடும்.

இந்தச் சொற்பத்தையும் நாமே கரைத்துவிடுகிறோம். வேலையை விட்ட பிறகு 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்துவிடுகிறோம். பத்தாண்டு முடியாதவர்கள் அதற்குப் பதிலாக ஸ்கீம் சர்டிஃபிகேட் (பணி ஆண்டுகளைப் பதிந்து தரும் சான்றிதழ்) வாங்கி, அடுத்த வேலையின் ஆண்டுகளோடு சேர்த்துக்கொள்ளலாம். இதைக் கம்பெனியில் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. மகள் கல்யாணத்துக்குக் கந்துவட்டி வாங்காமல் இந்தப் பணத்தை எடுப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புது போனுக்காக எடுப்பவரிடம்தான் என் வருத்தம். (அவரும் இந்தப் பதிவை அந்தப் போனில்தான் படிப்பார்.)

"பையன் பார்த்துக்கொள்வான்" என்பவர்களுக்கு ஒன்று: பையனுக்கும் இதே 1,250 ரூபாய்ப் பத்திதான்.

குறைந்தபட்ச பென்ஷனை 7,500 ரூபாயாக உயர்த்தக் கேட்டு இந்தத் திட்டத்தின் முதியவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். அரசு ஊழியர் போராட்டச் செய்திக்குக் கீழே பத்தி பத்தியாகக் கொதித்தவர்கள் அந்தச் செய்திக்குக் கீழே ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை.