மூன்றரை மணிப் பசி

"சும்மா பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை" என்று, பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் தங்கும் காப்பகங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி. பெங்களூரு அல்சூரில் ஆறு வருஷமாக அந்தச் 'சும்மா' வேலையைத்தான் செய்கிறேன். மூன்றரைக்கு வேன் வந்து நின்றதும் வீட்டுப்பாடத்தை எடுக்கச் சொன்னால் ஒன்றும் நடக்காது. பாதி டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பியிருக்கும். ஒரு தட்டு அவல் உப்புமா, அரை மணி ஓட்டம், அப்புறம்தான் நோட்டு. சண்டைக்குக் கன்னடம், அழுகைக்குத் தமிழ். இரண்டும் தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது!

50 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டத் திருத்தம் வந்தது, சரி. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு எது நிறுவனம்? ஏழு மணிக்கு அவர் மூச்சிரைக்க வரும்வரை, ஒரு பையன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பான்.